தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு: கையில் நிற்கிற புத்தகம் வேண்டும்

அன்புள்ள பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் எழுத்தாளரும் இல்லை, விமர்சகரும் இல்லை. ராத்திரி வேலையெல்லாம் முடிந்து, விளக்கை அணைப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் படிக்கிறவள். அந்த அரை மணியும் எல்லா நாளும் கிடைக்காது. வாரத்தில் நாலு நாள் கிடைத்தால் அது நல்ல வாரம். இப்படியே இருபது வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. தமிழில் எனக்குப் பிடித்த எழுத்தாளர்கள் அத்தனை பேரும் இந்த அரை மணிக்குள் வந்து சேர்ந்தவர்கள்தான்.

என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறோம். நாங்கள் வெளியீட்டு விழாவுக்கு வருவதில்லை, மதிப்புரை எழுதுவதில்லை. புத்தகம் வாங்குகிறோம், படிக்கிறோம், பிடித்துப்போனால் பக்கத்தில் இருப்பவரிடம் "இதைப் படிச்சுப் பாரு" என்று கொடுக்கிறோம். அதோடு சரி. அதனால் எங்களுக்கு என்ன வேண்டும் என்பது உங்கள் காதுக்கு வந்து சேர வழியே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கேட்பது ஒன்றுதான். நாங்கள் விரும்பும் எழுத்தாளர்களைக் கையில் பிடித்துப் படிக்கிற மாதிரிப் புத்தகமாகப் போடுங்கள். மெல்லிய புத்தகமாக.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த ஓர் எழுத்தாளரின் முழுத் தொகுப்பு. யாருடையது, யார் போட்டது என்று சொல்லவில்லை. ஒருவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆயிரம் பக்கத்துக்கு மேல், கெட்டி அட்டை. வாங்கி வந்த அன்று அதைத் தடவித் தடவிப் பார்த்தேன். முப்பது வருட எழுத்து ஒரே இடத்தில் கிடைத்துவிட்டதே என்று அவ்வளவு சந்தோஷம். ராத்திரி மல்லாந்து படுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துப் படித்தேன். நாலாவது பக்கத்தில் மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. ஒருக்களித்துப் படுத்து, புத்தகத்தைப் படுக்கையில் நிறுத்தினேன். அப்போது உள் ஓரத்து எழுத்துகள் முதுகுப் பக்கம் வளைந்து மறைந்துகொண்டன. அவற்றைப் படிக்க வேண்டும் என்று கொஞ்சம் அழுத்தி விரித்தேன். 'டொக்' என்று ஒரு சத்தம். முதுகில் பசை விட்டுப்போய், நடுவில் எட்டுப் பத்துத் தாள் தனியாகக் கையோடு வந்துவிட்டது.

அந்தத் தாள்களை வரிசைப்படுத்தி, திரும்ப உள்ளே வைத்து, புத்தகத்தின் மேல் ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைத்தேன். அதற்கப்புறம் பல நாள் அதை எடுக்கவில்லை. எனக்குப் பிடித்த எழுத்தாளர், என் வீட்டிலேயே இருக்கிறார், ஆனால் என்னால் படிக்க முடியவில்லை. இதுதான் என் வருத்தம்.

எடைக் கணக்கு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் நான் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் பக்கம் என்றால் ஐந்நூறு தாள். டெமி அளவில் (கதைப் புத்தகங்கள் வழக்கமாக வரும் அளவு), 70 ஜி.எஸ்.எம். தாளில் (ஒரு சதுர மீட்டர் 70 கிராம் வரும் தாள்) அடித்தால் ஒரு தாள் இரண்டு கிராமுக்குச் சற்று மேல் வரும். ஆக, தாள் மட்டுமே ஒரு கிலோவைத் தாண்டிவிடுகிறது. அட்டை, பசை, மேலுறை எல்லாம் சேர்த்தால் ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாது. ஒன்றேகால் கிலோவை முகத்துக்கு நேரே அரை மணி நேரம் பிடித்திருக்க வேண்டும். மேசையில் விரித்து வைத்துப் படிக்கிறவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஆய்வு செய்கிறவருக்கு எல்லாக் கதையும் ஓரிடத்தில் இருப்பது பெரிய உதவி. முழுத் தொகுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அது மட்டும்தான் கிடைக்கும் என்று ஆகிவிடக் கூடாது என்கிறேன்.

நான் எப்படிப் படிக்கிறேன் என்று கொஞ்சம் சொன்னால், ஏன் இவ்வளவு தூரம் கேட்கிறேன் என்பது புரியும்.

ஒரு ராத்திரிக்கு ஒரு கதை. அவ்வளவுதான் என் கணக்கு. கதை முடிந்ததும் புத்தகத்தை மூடி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடப்பேன். அடுத்த கதைக்கு உடனே போக மாட்டேன். போனால் முதல் கதை கலைந்துவிடும். சில கதைகளுக்கு ஒரு நாள் போதாது. அசோகமித்திரனின் 'புலிக் கலைஞன்' படித்த பிறகு இரண்டு நாள் வேறெதுவும் படிக்கவில்லை. சினிமா ஸ்டுடியோ அலுவலகத்துக்கு ஒருவர் வேலை கேட்டு வருகிறார், புலி வேஷம் கட்டுகிறவர். அந்த அறைக்குள்ளேயே அவர் புலியாக மாறிக் காட்டுகிற இடம் இருக்கிறதே, அதில் அசோகமித்திரன் ஒரு சொல்லைக்கூட உரக்கச் சொல்லவில்லை. அவர் ஜெமினி ஸ்டுடியோவில் பத்து வருடத்துக்கும் மேல் வேலை பார்த்தவர் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்த அன்று அந்தக் கதையைத் திரும்ப எடுத்துப் படித்தேன். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்லவேண்டிய ஒருவருடைய சங்கடம் இரண்டாவது தடவைதான் எனக்குப் பிடிபட்டது.

திரும்பப் படிப்பது என் வழக்கம். புதிதாக ஒன்று படிப்பதைவிட, தெரிந்த கதைக்குத் திரும்பப் போவதுதான் அதிகம். தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' கதையை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எண்ணவில்லை. ரயில், ஒரு சின்னப் பையன், வீட்டு வேலைக்காகத் தூர ஊருக்கு அழைத்துப் போகப்படும் ஒரு சின்னப் பெண், ஓர் ஆரஞ்சுப் பழம். என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இடம் வரும்போது தொண்டை அடைக்கத்தான் செய்கிறது. உடம்பு சரியில்லாத நாளில், மனசு சரியில்லாத நாளில், நான் தேடிப் போவது இந்தக் கதையைத்தான்.

பாதியில் விட்ட நாவல்களும் உண்டு. அவற்றை முடித்தே தீரவேண்டும் என்று என்னை நானே வருத்திக்கொள்வதில்லை. மூன்று வருடம் கழித்துத் திரும்ப எடுத்து, அப்போது ஒரே மூச்சில் முடித்த நாவலும் இருக்கிறது. அடையாளத்துக்கு உள்ளே ஒரு காலி மாத்திரை அட்டை. அது நாற்பதாம் பக்கத்திலேயே காத்துக்கொண்டு இருக்கும்.

இப்போது நான் சொல்லவந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் விரும்பிப் படிக்கும் இந்தக் கதைகள் எல்லாம் முதலில் எங்கே வந்தன? 1932இல் தொடங்கிய கலைமகளில், 1933இல் தொடங்கிய மணிக்கொடியில், ஆனந்த விகடனில், கல்கியில், குமுதத்தில். ஓர் இதழுக்கு ஒரு கதை. வாசகர் அதைத் திண்ணையிலோ ரயிலிலோ ஒரு கையில் பிடித்துப் படித்தார். படித்துவிட்டு அடுத்த கதைக்கு ஒரு வாரமோ ஒரு மாதமோ காத்திருந்தார். புதுமைப்பித்தனும் கு. அழகிரிசாமியும் ஆர். சூடாமணியும் எழுதும்போது அவர்கள் மனதில் இருந்த வாசகர் அவர்தான். வேலைக்கு நடுவில், கிடைத்த நேரத்தில், ஒரே ஒரு கதை படிக்கிறவர். அதாவது, என்னைப் போன்ற ஒருவர். எங்களுக்காக எழுதப்பட்ட கதைகள் இன்று எங்களால் தூக்க முடியாத புத்தகத்துக்குள் இருக்கின்றன.

கல்கியை எடுத்துக்கொள்ளுங்கள். பொன்னியின் செல்வன் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் வரை, மூன்றரை வருடம் வாரா வாரம் வந்தது. ஐந்து பாகம், 293 அத்தியாயம். நான் அதை ராத்திரிக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டு படித்தேன். நடுவில் விட்டுப்போன நாள்களையும் சேர்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு முடியும். அடுத்த நாள் பகலெல்லாம், வேலை பார்த்துக்கொண்டே, அந்தக் கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று யோசித்துக்கொண்டு இருப்பேன். ஒரு வருடம் முழுக்க என்னோடு வந்தியத்தேவன் கூடவே இருந்தான். என்னிடம் இருந்தது ஐந்து பாகமும் தனித்தனிப் புத்தகமாக வந்த பதிப்பு. அதனால்தான் முடிந்தது. ஒரே புத்தகமாக வாங்கியிருந்தால் இரண்டாம் பாகத்தைத் தாண்டியிருக்க மாட்டேன்.

ஆகவே, முழுத் தொகுப்பின் பக்கத்திலேயே மெல்லிய புத்தகங்களையும் வையுங்கள். எட்டுக் கதையோ பத்துக் கதையோ, நூற்று இருபதிலிருந்து நூற்று ஐம்பது பக்கம், ஒரு கையில் பிடிக்கிற அளவு. ஒவ்வொரு மூத்த எழுத்தாளருக்கும் இப்படி நாலைந்து புத்தகம். புதிதாகப் படிக்க வருகிறவரிடம் நான் முழுத் தொகுப்பைக் கொடுத்தால் பயந்துபோகிறார். மெல்லிய புத்தகத்தைக் கொடுத்தால் ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்து, "இவர் எழுதினது வேற இருக்கா?" என்று கேட்கிறார். இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

முடிந்தால் தைத்துக் கொடுங்கள். பதினாறு பக்கமாக மடித்து, ஒவ்வொரு மடிப்பையும் நூலால் தைத்த புத்தகம் மேசையில் வைத்தால் தானாக விரிந்து கிடக்கும். முதுகை வெட்டிவிட்டு வெறும் பசையில் ஒட்டிய புத்தகம், விரிக்க விரிக்க மூடிக்கொள்ளத்தான் பார்க்கும். பசை காய்ந்துபோனால் தாள் உதிரும். என்னிடம் ரா. கிருஷ்ணையா மொழிபெயர்த்த செகாவ் கதைகள் இருக்கிறது, மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் போட்டது. எனக்கு முன்னால் யார் யார் கையிலோ இருந்து பழைய புத்தகமாக என்னிடம் வந்தது. அட்டையின் மூலைகள் தேய்ந்து உருண்டுவிட்டன, தாள் பழுத்துவிட்டது. ஆனால் உள்ளே ஒரு தாள்கூட விடவில்லை. 'நாய்க்காரச் சீமாட்டி' தொடங்கும் பக்கத்தில் திறந்து வைத்தால், கையை எடுத்த பிறகும் அப்படியே திறந்திருக்கிறது. ஒரு நூலின் வேலை அது.

இதே இடத்தில் மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ரஷ்ய மொழி தெரியாது, வங்காளி தெரியாது, மராத்தி தெரியாது. மராத்தி எழுத்தாளர் காண்டேகரைத் தமிழில் தந்தவர் கா. ஸ்ரீ. ஸ்ரீ. அவர் இல்லாவிட்டால் எனக்குக் காண்டேகர் இல்லை. டால்ஸ்டாயின் மாபெரும் நாவலைப் 'போரும் வாழ்வும்' என்று தமிழில் கொடுத்தவர் டி. எஸ். சொக்கலிங்கம். மலையாள எழுத்தாளர் பஷீரைக் குளச்சல் மு. யூசுப்பும் சுகுமாரனும் கொண்டுவந்தார்கள். நான் படிப்பது இவர்கள் எழுதிய வாக்கியங்களைத்தான். எனக்குப் பிடித்த எழுத்தாளர்கள் யார் என்று யாராவது கேட்டால் இவர்கள் பெயரையும் சேர்த்தே சொல்கிறேன். தயவுசெய்து மொழிபெயர்ப்பாளரின் பெயரை முன்னட்டையில் போடுங்கள். உள்ளே மூன்றாவது பக்கத்தில், சின்ன எழுத்தில் போட்டால் கவனிக்காமல் போய்விடுகிறோம். பெயர் தெரிந்தால் அவர் செய்த வேறு புத்தகங்களைத் தேடி வாங்குவோம். நான் அப்படித்தான் வாங்குகிறேன்.

அப்புறம், வருடம். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு இது மிக முக்கியம்.

ஒரு கதையின் கடைசி வரிக்குக் கீழே, அது முதலில் எந்த இதழில், எந்த வருடம் வந்தது என்று ஒரு வரி போடுங்கள். பல புத்தகங்களில் அது இல்லை. முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று நீங்கள் அச்சிட்ட வருடங்கள் இருக்கும். கதை எழுதப்பட்ட வருடம் இருக்காது. இது ஆய்வாளர்களுக்குத்தானே வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை, எனக்கு வேண்டும். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதை, ட்ராமில் போகலாமா பஸ்ஸில் போகலாமா நடந்தே போகலாமா என்று கந்தசாமிப் பிள்ளை கணக்குப் போட்டுக்கொண்டு நிற்பதில் தொடங்கும். முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அது 1943இல் கலைமகளில் வந்தது என்று தெரிந்தபோது, உலகப் போர் நடந்துகொண்டு இருந்த வருடம் ஆயிற்றே என்று தோன்றியது. காலணாவை மிச்சம் பிடிக்கப் பார்க்கும் அந்த மனிதர் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தார். கதை நடக்கும் சென்னையில் ட்ராம் 1953இல் நின்றுபோனது. அதற்கும் முன்னாலேயே, 1948இல், நாற்பத்திரண்டு வயதில் புதுமைப்பித்தன் போய்விட்டார். இத்தனையும் ஒரு வருடத்தைத் தெரிந்துகொண்டதால் எனக்குக் கிடைத்தது. அந்த வருடத்தை எனக்குத் தந்தது ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த புதுமைப்பித்தன் கதைகள், 2000ஆம் வருடத்தில் வந்தது. கதைகளைக் கால வரிசைப்படி வைத்து, எது எங்கே எப்போது வந்தது என்று தேடித் தொகுத்திருக்கிறார். எவ்வளவு உழைப்பு! அது கனமான புத்தகம்தான். ஆனால் அந்த உழைப்பிலிருந்து கதைக்கு ஒரு வரியை எடுத்து மெல்லிய புத்தகங்களிலும் போடலாமே.

வருடம் இல்லாததால் குழம்பிய கதைகளும் உண்டு. சுஜாதாவை நான் கையில் கிடைத்த வரிசையில் படித்தவள். அவருடைய வக்கீல்கள் கணேஷும் வசந்தும் சேர்ந்து வரும் நாவல்களை முதலில் படித்துவிட்டு, பிறகு 'நைலான் கயிறு' எடுத்தேன். கணேஷ் மட்டும் வருகிறார். வசந்த் எங்கே, இருவருக்கும் ஏதாவது மனஸ்தாபமா என்று கடைசிப் பக்கம் வரை தேடினேன். அது 1968இல் குமுதத்தில் தொடராக வந்தது, வசந்த் பிறகுதான் வந்து சேர்ந்தார் என்று எனக்கு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. ஜெயகாந்தனிடமும் இப்படித்தான். 'அக்னிப் பிரவேசம்' 1966இல் விகடனில் வந்த சிறுகதை. அதில் நடந்த ஒன்று நடக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற இடத்திலிருந்து, பின்னால் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் எழுதினார். நான் நாவலை முதலில் படித்தேன். வரிசை தெரிந்திருந்தால், விகடன் வாசகர்கள் அன்று பட்ட அதிர்ச்சி எனக்கும் கிடைத்திருக்கும். அதை இனி யாராலும் எனக்குத் திருப்பித் தர முடியாது.

எழுத்தாளர்களின் வருடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அசோகமித்திரனும் சூடாமணியும் ஒரே வருடம், 1931இல் பிறந்தவர்கள். இரண்டு பேருமே குரலை உயர்த்தாதவர்கள். அசோகமித்திரன் வெளியே நடமாடும் மனிதர்களைப் பார்த்து எழுதினால், சூடாமணி வீட்டுக்குள் ஒருவர் சொல்லாமல் விட்ட சொல்லைக் கேட்டு எழுதுகிறார். ஒரு ராத்திரி அவர், மறு ராத்திரி இவர் என்று ஒரு மாதம் முழுக்க மாற்றி மாற்றிப் படித்தேன். என் வாசிப்பில் மிக நிறைவான மாதம் அதுதான். இரண்டு மெல்லிய புத்தகங்கள் தலைமாட்டில் இருந்ததால் முடிந்தது. கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் இடைசெவல் என்ற ஒரே ஊர்க்காரர்கள், சிறு வயதிலிருந்தே சிநேகிதர்கள். அழகிரிசாமி 1970இலேயே போய்விட்டார். ராஜநாராயணன் 2021 வரை இருந்து கதை சொன்னார். இவர்கள் இருவருடைய கதைகளையும் சேர்த்து யாராவது ஒரு சின்னப் புத்தகம் போட்டால் நான் முதல் ஆளாக வாங்குவேன். கி.ரா.வின் கதைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கம் சொற்பொருள் சேர்த்தால் இன்னும் நல்லது. அவரே வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுத்துக் கொடுத்தவர், 1982இல். ஆனால் படுக்கையில் கிடந்து படிக்கிறபோது இன்னொரு புத்தகத்தைத் தேடி எழுந்துபோக முடிவதில்லை. சொல்லின் சத்தத்தை மட்டும் ரசித்துவிட்டு, பொருள் தெரியாமலே அடுத்த வரிக்குப் போய்விடுகிறேன்.

முன்னுரைகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். கதையின் முடிவைச் சொல்லிவிடும் முன்னுரைகளைப் பின்னுரையாக மாற்றிவிடுங்கள். அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையை நான் எப்படிப் படித்தேன் என்று சொல்கிறேன். யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கிற ஒருவர். அவர் வந்தாலே மேலே விழுந்து புத்தகத்தைப் பிடுங்கும் குழந்தைகள். அந்த உற்சாகத்தில் மூழ்கி, நானும் அந்தக் குழந்தைகளில் ஒருத்தியாகவே படித்துக்கொண்டு போனேன். ஒரு சிறுவன் கொஞ்சம் ஒதுங்கி நிற்பதை, கதை சொல்கிறவர் கவனிக்காத மாதிரியே நானும் கவனிக்கவில்லை. கடைசியில் அந்தச் சிறுவன் ஒரு டைரியோடு வருகிறான். அதற்கு மேல் இங்கே சொல்ல மாட்டேன், படிக்காதவர்கள் இருப்பார்கள். அந்தக் கடைசிப் பத்தி என்னை என்ன செய்ததோ, அது அடுத்து வருகிறவருக்கும் நடக்க வேண்டும். வேறொரு நாவலில் எனக்கு அது நடக்கவில்லை. ஒன்பதாம் பக்கத்து முன்னுரையிலேயே, கதாநாயகி கடைசியில் என்ன ஆகிறாள் என்று எழுதியிருந்தது. எழுதியவர் நல்ல ரசிகர்தான், ஆழமாகத்தான் எழுதியிருந்தார். நாவலை முடித்த பிறகு படித்திருந்தால் அவருக்கு நன்றி சொல்லியிருப்பேன். முன்னூறு பக்கம் முழுக்க, அவள் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒன்பதாம் பக்கம்தான் ஞாபகம் வந்தது. பின்னட்டைக் குறிப்பு எழுதுகிறவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

எழுத்தின் அளவு. நாற்பதைத் தாண்டிய கண்ணுக்குப் பத்துப் பாயிண்டில் தமிழ் படிப்பது கஷ்டம். நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம். சின்ன எழுத்தில், மை கொஞ்சம் பரவினால் மூன்று சுழி ணவும் இரண்டு சுழி னவும் ஒன்றாகிவிடுகின்றன. புள்ளி இருக்கிறதா இல்லையா என்று தெரிவதில்லை. பக்கத்தைக் குறைக்க வேண்டும் என்று எழுத்தைச் சுருக்கி, வரிகளை நெருக்கி அடித்த புத்தகங்களை விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. லா. ச. ராமாமிருதம் மாதிரி ஒவ்வொரு சொல்லாக நின்று நின்று படிக்கவேண்டியவருக்கு வரிகளுக்கு நடுவில் காற்றோட்டம் வேண்டும். கதைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், எழுத்தைக் குறைக்காதீர்கள்.

மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், எடையும் இல்லை, உண்மைதான். பயணத்தில் நானும் அதில் படிக்கிறேன். ஆனால் பக்கத்தில் இருப்பவரிடம் "இதைப் படிச்சுப் பாரு" என்று நீட்ட அதில் முடியவில்லை. எனக்குப் படிப்பதில் பாதி சந்தோஷம் அந்த நீட்டுவதில்தான் இருக்கிறது.

இதில் உங்களுக்கு என்னென்ன சிரமம் என்று ஓரளவு யோசித்துப் பார்த்தேன். பத்துச் சின்னப் புத்தகத்துக்குப் பத்து அட்டை வேண்டும், பத்துத் தடவை மெய்ப்புப் பார்க்க வேண்டும். தைப்பதற்கு ஆளும் நேரமும் அதிகம். பெரிய புத்தகம் ஒன்று விற்றால் வரும் வரவு சின்னப் புத்தகம் ஒன்று விற்றால் வராது. எல்லாம் தெரிகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. அடுத்து ஒரு முழுத் தொகுப்பை மறுபதிப்புப் போடும்போது, அதே கதைகளிலிருந்து பத்தை எடுத்து ஒரே ஒரு மெல்லிய புத்தகம் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். கதைக்குக் கீழே வருடம். முன்னுரைக் கட்டுரை இருந்தால் அது கடைசியில். தைத்த முதுகு. எந்த எழுத்தாளரில் தொடங்குவது என்று கேட்டால், என் ஆசைக்கு, சூடாமணி. அவரைத் தெரியாதவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பத்துப் பிரதி வாங்கிக்கொள்கிறேன். யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று இப்போதே மனதில் பெயர் வரிசை ஓடுகிறது.

ரப்பர் பேண்ட் போட்ட அந்தப் பெரிய புத்தகத்தை நேற்று ராத்திரி திரும்ப எடுத்தேன். தனியாக வந்துவிட்ட தாள்களில் ஒரு முழுக் கதை இருந்தது. தொடக்கமும் முடிவும் அந்தத் தாள்களுக்குள்ளேயே அடங்கியிருந்தன. அதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு படுத்தேன். ஓர் இதழ் கனம்கூட இல்லை. ஒரே மூச்சில் படித்து முடித்தேன். நல்ல கதை.

அன்புடன்,
உங்கள் வாசகி